காற்றெடுத்த மீன்

முதலில் ஒரு மன்னிப்பு. என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். முப்பது வருசமாக நான் எழுதியதெல்லாம் அட்டைப்பெட்டிகளின் மேல் கறுப்பு மார்க்கரில் பெட்டி நம்பரும் பீஸ் எண்ணிக்கையும்தான். படிக்கிறவர்கள் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். ஆனால் மன்னிப்பு எழுத்துக்கு மட்டும்தான். கீழே சொல்லப்போகிற எதற்கும் நான் மன்னிப்புக் கேட்பதாக இல்லை.

நான் பேசப் பயப்படுகிறவன். டவுன் பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால் "இறங்கணும்" என்று சத்தம் போடக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்குகிற நிறுத்தம் வரை போய் நடந்து திரும்பியிருக்கிறேன். கம்பெனியில் என் வேலைக்கும் பேச்சு தேவைப்படவில்லை. தைத்து முடித்த பனியன்களில் ஒட்டியிருக்கும் நூலை உறிஞ்சி எடுக்கும் மெஷின் ஒன்று உண்டு. பெரிய பெட்டி மாதிரி இருக்கும். பனியனை உள்ளே விட்டு உதறினால் காற்று இழுக்கிற இழுப்பில் துணுக்கு நூலெல்லாம் போய்விடும். காலையில் அந்த மெஷினில் நிற்பேன். மத்தியானம் பேக்கிங். மெஷின் போடுகிற சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. எனக்கு அது வசதி.

அந்தச் சத்தத்தையும் மீறி என்னிடம் பேசியவள்தான் என் மனைவியானாள். தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரி, கிறிஸ்தவப் பெண். தோழி ஒருத்தியோடு திருப்பூருக்கு வந்து எங்கள் கம்பெனியில் செக்கிங் டேபிளில் சேர்ந்திருந்தாள். ஒருநாள் என் பக்கத்தில் வந்து, "அண்ணாச்சி, இந்த மெசினு நூலத்தான் உறிஞ்சுதா, ஒங்க பேச்சையும் சேத்து உறிஞ்சிட்டா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல இரண்டு மாதம் ஆயிற்று. முதலில் அண்ணாச்சி என்று கூப்பிட்டதை வைத்து இன்றைக்கும் கம்பெனியில் அவளைக் கேலி செய்வார்கள். 2002இல் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். எனக்கு அப்போதே முப்பத்தெட்டு வயது.

எங்கள் வீடு நெருப்பெரிச்சலில். எங்கள் குடும்பம் தலைமுறையாகத் தறி ஓட்டிய குடும்பம், முருகன்தான் குலம் காப்பவர். அப்பா கட்டிய வீட்டில் முன்பாகம் அண்ணனுக்கு, பின்பாகம் எனக்கு. நடுவில் ஒரு நடை, இரண்டு பக்கமும் கதவு. அண்ணன் சொந்தமாக நான்கு நிட்டிங் மெஷின் போட்டு ஓட்டுகிறவர். வருசம் தவறாமல் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போவார். அவர் வேல் வைத்துக் கும்பிடுகிற பூஜை அறைச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் எங்கள் அடுப்படி.

கல்யாணம் முடிந்து வந்த அன்று அண்ணன் என்னிடம் நேராகப் பேசவில்லை. நங்கையை விட்டுச் சொல்லச் சொன்னார். அண்ணியை எங்கள் பக்கம் நங்கை என்போம். நங்கை நடைக்கதவில் நின்றபடி சொன்னார்: "ஆட்டுக்கறி ஆக்கிக்கட்டும், கோழி ஆக்கிக்கட்டும். நாங்களும் திங்கறதுதான். மீனு மட்டும் இந்த வாசப்படி ஏறக்கூடாதுன்னு உங்கண்ணன் சொல்றாருங் தம்பி. அந்த நாத்தம் அவருக்கு ஆகாது." நான் ஆமாங்க என்றேன். ஆட்டு வாசத்தைப் பொறுக்கிற முருகன் மீன் வாசத்தைப் பொறுக்கமாட்டாரா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

கடலைப் பார்த்து வளர்ந்தவளுக்கு மீன் என்பது வாரத்துக்கு ஒருநாள் விருந்து இல்லை. அதுதான் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் தோழியின் வாடகை வீட்டுக்குப் போய், அங்கே ஆக்கித் தின்று, வாயைக் கொப்பளித்து, சேலையை மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவாள். நானும் கூடப் போவேன். திரும்பி வரும்போது தெரு முனையில் கையை மோந்து பார்த்துக்கொள்வேன். இரண்டு வருசம் இப்படிப் போயிற்று. பிறகு தோழி குடும்பத்தோடு உடுமலைப்பேட்டைக்குக் குடிபோய்விட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமையும் நின்றது.

ஊரில் மாதா கோயில் திருவிழா என்று போனவள் இரண்டு மாதமாகத் திரும்பவில்லை. நான் கூப்பிடப் போனேன். அவள் அம்மா இலை போட்டு மீன் வைத்தார். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் அவள்தான் சொன்னாள்.

"மீன் இல்லாமக்கூட நான் இருந்துக்கிடுவேன். திருடி மாதிரி ஒளிஞ்சி திங்கத்தான் என்னால முடியல. ஒங்க அண்ணன்ட்ட ஒரு வார்த்த பேச ஒங்களுக்கு வாய் வரல. இப்ப வாரேன். இன்னொரு தடவ கெளம்பினா திரும்ப மாட்டேன், பாத்துக்கிடுங்க."

நான் சொன்னேன்: "மீன் வரும் அம்மிணி. நம்மூட்டுக்குள்ளயே வரும். நான் பாத்துக்கறேன்."

அவள் கேட்டது ஒன்று, நான் கொடுத்தது வேறொன்று. அது எனக்கு விளங்க நான்கு வருசம் பிடித்தது.

அவள் தம்பி மாதம் ஒருமுறை தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு மீனை வைத்துக் கட்டி, இரவு பஸ்ஸில் ஏற்றிவிடுவதாகச் சொன்னான். விடிகாலையில் பஸ் நிற்கிற இடத்துக்குப் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் பெட்டி வந்தபோதே சிக்கல் தெரிந்தது. ஒரு மாத மீன் ஒரே நாளில் வருகிறது. பிரிட்ஜின் ஐஸ் அறையில் கவரில் முடிந்து வைத்தேன். பத்து நாளில் ஓரமெல்லாம் காய்ந்து மஞ்சளாகி, வாயில் வைத்தால் தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது. கவருக்குள் பனி பூத்துக் கிடந்தது. அதைவிட மோசம், கீழே இருந்த பாலில் வாசம் ஏறிவிட்டது. நங்கை அவ்வப்போது உறைமோர் கேட்டு வருகிறவர். அந்தப் பாலைக் கொட்டினேன்.

அடுத்த நாள் நூல் உறிஞ்சுகிற மெஷின் முன்னால் நிற்கும்போது புத்திக்கு உறைத்தது. கெடுப்பது காற்றுதான். பைக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு வாயை ஒட்டிவிட்டால் பனியும் பூக்காது, வாசமும் வெளியே வராது. பெரிய ஊர்களில் இதற்கென்றே மெஷின் விற்கிறது என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்கு அப்போது தெரியாது. பழைய இரும்புக் கடையில் பாலிதீன் வாய் ஒட்டுகிற கை மெஷின் ஒன்று கிடந்தது. கம்பி போயிருந்தது, மாற்றினேன். காற்றை எடுக்க சைக்கிள் பம்பு. பம்புக்குள் கிண்ணம் மாதிரி ஒரு தோல் வாஷர் இருக்கும். அதைக் கழற்றித் திருப்பிப் போட்டு, வால்வையும் மாற்றி வைத்தால், அடிக்கிற பம்பு இழுக்கிற பம்பாகிவிடும். அன்று அவள் பம்பின் குழாயை என் கன்னத்தில் வைத்து இழுத்துப் பார்த்தாள். வட்டமாகச் சிவந்துவிட்டது. ஊரிலிருந்து வந்தபிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

பம்பு செய்தபிறகு வந்த முதல் தவணை முழுவதும் பாழ். பேக்கிங்கில் கழித்துப் போட்ட பனியன் கவர்களைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். மீனைப் போட்டுக் காற்றை இழுத்தால் பை மீனை ஒட்டிப் பிடிக்கும், வாயை ஒட்டி எடுத்து வைத்தால் கண் முன்னாலேயே மெதுவாகத் தொளதொளத்துவிடும். வாயைத் திரும்பத் திரும்ப ஒட்டினேன். மெஷினைக் கழற்றி மாட்டினேன். அவள்தான் ஒரு பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "என்னங்க, இதுல கண்ணு இருக்கே" என்றாள். எக்ஸ்போர்ட் கவர் எல்லாவற்றிலும் சின்னதாக இரண்டு ஓட்டை போட்டுத்தான் வரும். குழந்தைகள் தலையில் மாட்டிக்கொண்டால் மூச்சு முட்டக்கூடாது என்பதற்காக. எத்தனை ஆயிரம் பனியனை அந்தக் கவரில் போட்டிருப்பேன். என் விரலுக்குத் தெரிந்த ஓட்டை என் புத்திக்குத் தெரியவில்லை.

பிறகு ஊறுகாய் அடைக்கிற கெட்டிக் கவர் வாங்கினேன். ஒவ்வொரு தப்பாகத் திருத்திக்கொண்டே வந்தோம். செதிலும் துடுப்பும் வெட்டாமல் போட்டால் முள் குத்திப் பை ஓட்டையாகும். கறியாக இருந்தால் எலும்பு முனை குத்தும். மீனை ஈரத்தோடு போட்டால் காற்றோடு ரத்தத் தண்ணீரும் பம்புக்கு ஏறிவிடும். ஒருமுறை அப்படி ஏறியதில் அந்தப் பம்பு சைக்கிளுக்கு உதவாமலே போய்விட்டது. அதனால் கழுவித் துடைத்து, தட்டில் பரப்பி, ஒரு மணி நேரம் ஐஸ் அறையில் வைத்து மேல்தோல் இறுகிய பிறகுதான் பையில் போட வேண்டும். போடும்போது பையின் வாயைச் சட்டைக்கை மாதிரி வெளிப்புறம் மடித்துவிட்டுக்கொண்டால் வாயில் ஈரம் படாது. ஈரம் பட்ட வாய் ஒட்டாது. ஒட்டினாலும் ஒரு வாரத்தில் பிளக்கும்.

முள் குத்தாமலும் மிச்ச ஈரத்தைக் குடிப்பதற்கும் ஒரு துணி தேவைப்பட்டது. திருப்பூரில் துணிக்கா பஞ்சம். கட்டிங் வேஸ்டில் வெள்ளைப் பனியன் துணியாகப் பொறுக்கி வந்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டுக் காயவைத்து, அதில் மீனைச் சுற்றிப் பையில் இறக்குவோம். நான் குழாயை வாயோரத்தில் செருகி இழுப்பேன், அவள் பையை விரலால் அழுத்திப் பிடித்திருப்பாள். "போதும்" என்பாள். நான் குழாயை உருவுகிற நொடியில் அவள் மெஷின் கைப்பிடியை அமுக்க வேண்டும். ஒரு நொடி பிந்தினால் காற்று புகுந்துவிடும். நாலு கை வேலை அது. பை மீனோடு இறுகி, கல் மாதிரி ஆகிவிடும். எதில் எது என்று தெரிய வேண்டுமே, அதற்குக் கம்பெனியில் மிஞ்சிய சைஸ் ஸ்டிக்கர். நெத்திலிக்கு எஸ், சாளைக்கு எம், விளைமீனுக்கு எல், சீலாத் துண்டுக்கு எக்ஸ்எல். இங்கிலீஷில் எனக்குத் தெரிந்த எழுத்து அவ்வளவுதான்.

ஆட்டுக்கறியும் அப்படியே போட்டோம். உடுமலைப்பேட்டைப் பக்கம் தோழியின் வீட்டில் கிடா வெட்டினால் ஒரு கூறு வாங்கி வந்து பை போட்டுவிடுவேன். கறிக்குத் துணி சுற்றுவதில்லை, எலும்பு முனையை மட்டும் மடித்துக் கட்டுவேன். கறிப் பைகள் ஐஸ் அறையில் முன்வரிசை, மீன் பைகள் பின்வரிசை. நங்கை ஒரு தடவை ஒரு கறிப் பையை வாங்கிப் போய் ஆக்கிவிட்டு, "நேத்து வெட்டுனாப்பல இருக்குதுங் தம்பி, இருவது நாளாச்சுன்னா யாரு நம்புவா" என்று வியந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பின்வரிசையை நினைத்து வெட்கப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

மீனை எப்போது ஆக்குவோம் என்றால், அண்ணன் வீட்டில் இல்லாத நாளில். கல்யாணம், கருமாதி என்று அவர்கள் இரண்டு பேரும் வெளியூர் போகும் நாள், அவர் பழனிக்கு நடக்கும்போது நங்கை அம்மா வீட்டுக்குப் போகும் நாட்கள். ஜன்னலைச் சாத்தி, சாம்பிராணி போட்டு, அவள் குழம்பு வைப்பாள். எத்தனை மாதம் கழித்து எடுத்தாலும் மீன் கடலிலிருந்து வந்த மாதிரியே இருக்கும். "பாத்தியா, எப்படி இருக்குது" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பேன். நல்லா இருக்கு என்பாள். மெஷினில் எனக்கு இருந்த மயக்கத்தில் அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. தோழியின் வீட்டில் கதவைத் திறந்துவைத்துத் தின்றவள் என் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தின்றாள். நான் செய்தது அவ்வளவுதான்.

நாலாவது வருசத் தைப்பூசத்துக்கு அண்ணன் நடந்துபோய், பஸ்ஸில் திரும்பி வந்தார். வந்த மறுநாள் ஒரு பெட்டி மீன் வந்தது. பை போட்டு முடித்துக் கையைக் கழுவும்போது அவள் சொன்னாள்: "மீனுக்கு மட்டுமா காத்த எடுத்தீங்க. எனக்கும் சேத்துத்தாம் எடுத்து ஒட்டி வச்சிருக்கீங்க." கோபமாகச் சொல்லவில்லை. "அடுத்த மாசம் பெட்டி அனுப்பாண்டாம், நானே வாரேன்னு தம்பிட்ட சொல்லிட்டேன்" என்றாள். அலமாரியில் அவள் சேலைகள் இருந்த தட்டு பாதி காலியாக இருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. அவள் காலைப் பூசைக்குப் போயிருந்தாள். ஒட்டுகிற மெஷினில் கம்பி மறுபடியும் போய்விட்டது, நான் வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தேன். நடந்துவந்ததில் அண்ணனுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. அவர்கள் பிரிட்ஜ் ரிப்பேருக்குப் போயிருந்ததால் ஒத்தடத்துக்கு ஐஸ் தேடி நங்கை எங்கள் பக்கம் வந்து திறந்திருக்கிறார். முன்வரிசையில் கறி இல்லை, தீர்ந்திருந்தது.

பத்து மணிக்கு நான் திரும்பியபோது பின்வாசலில் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து காலை முக்காலியில் நீட்டியிருந்தார். பக்கத்தில் நங்கை. எங்கள் கம்பெனியில் டைம் கீப்பராக இருக்கிற, எங்கள் தெருக்காரரும் நின்றிருந்தார். துவைக்கிற கல்லின் மேல் வெயிலில் என் ஒன்பது பைகளும் வரிசையாக இருந்தன.

"எத்தன நாளா நடக்குது இது?" என்றார் அண்ணன்.

மீன் என்று தெரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டேன்.

"கம்பெனிப் பீசக் கொண்டாந்து ஐஸ் பொட்டிக்குள்ள அடுக்கியிருக்கறயே, கேட்டா வாயத் தொற."

எனக்குப் புரியவே சற்று நேரம் ஆயிற்று. பிறகு அவர்கள் கண்ணால் அந்தக் கல்லைப் பார்த்தேன். பை மேல் பனி படர்ந்து மங்கலாக இருந்தது. உள்ளே வெள்ளைப் பனியன் துணி, தட்டையாக, இறுக்கமாக. மூலையில் எக்ஸ்எல், எல், எம். முப்பது வருசமாகப் பனியன் மடித்த கை, மீனையும் அதே மடிப்பாக மடித்திருக்கிறது. அண்ணன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கம்பெனிகளுக்குப் பீஸ் மடித்துக் கொடுத்தவர் நங்கை. "மடிப்புக்கூடக் கம்பெனி மடிப்புங்க" என்று டைம் கீப்பரிடம் காட்டினார். வேறு ஊராக இருந்தால் ஐஸ் அறையில் இருப்பதை மீனா கறியா என்று கேட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் பனியன் என்றுதான் தோன்றும். போன மாதம்தான் அடுத்த தெருவில் ஒருவர் வீட்டு அரிசி டிரம்முக்குள் ஏற்றுமதிக்கான திருட்டுப் பனியன்களை எடுத்திருந்தார்கள்.

டைம் கீப்பருக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். கேட்டில் அவ்வளவு சோதனை போடுகிறோமே, எப்படி வெளியே கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார்.

அண்ணன் குரலைத் தணித்துக்கொண்டார். "செரி உடு. ஆனது ஆச்சு. இவரு நம்ம மனுசன், வெளிய சொல்ல மாட்டாரு. நாளைக்குக் கொண்டுபோயி இருந்த எடத்துலயே வெச்சுப்போடு. நம்மூட்டுப் பேரு கெடாம இருந்தாச் செரி."

திருட்டை மன்னிக்க அவருக்கு இரண்டு நிமிடம் போதுமாக இருந்தது. ஆமாங்கண்ணா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பைகளை வாரிக்கொண்டு உள்ளே போய்விடலாம். அந்த வார்த்தை என் நாக்கில் வந்துவிட்டது. ஆயுசு முழுக்க அவரிடம் நான் பேசியதே அந்த வார்த்தைதானே.

நிமிர்ந்தபோது பின்கேட்டில் அவள் நின்றிருந்தாள். கையில் பைபிள் வைக்கிற துணிப்பை. கல்லைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று தெரியவில்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பனியன் இல்லீங்கண்ணா" என்றேன். "மீனு."

யாருக்கும் விளங்கவில்லை. "எந்த மீனு?" என்றார் அண்ணன்.

நான் ஒரு பையை எடுத்தேன். "இது சீலா. அது விளைமீன். இந்த மூணும் சாளை."

டைம் கீப்பர் குனிந்து பார்த்தார். "எக்செல்லுன்னு ஒட்டியிருக்குதுங்களே?"

"பெரிய மீனுங்க."

அவர் சிரித்துவிட்டார். அண்ணன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் நூல் வெட்டுகிற டிரிம்மரை எடுத்துப் பையின் மூலையை வெட்டினேன். உஸ் என்று காற்று உள்ளே போயிற்று. துணியைப் பிரித்து, சீலாத் துண்டை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். நங்கை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"நாத்தம் அடிக்குதுங்களா நங்கை?" என்றேன். அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வியே அதுவாக இருக்கும். அவர் முந்தானையைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தார். "இல்லீங் தம்பி" என்றார் மெதுவாக.

"எத்தன வருசமா?" என்றார் அண்ணன்.

"நாலு வருசமுங்க."

"நாலு வருசமா என்ற வேலு இருக்கற செவுத்துக்கு அந்தப்பக்கம் மீனு. திருட்டாயிருந்தாக்கூடப் பொறுத்துக்குவேன்டா. மூட்டையக் கட்டு. ரெண்டு பேரும் இன்னைக்கே கெளம்புங்க."

"கட்ட மாட்டேனுங்க" என்றேன். என் குரல் எனக்கே வேறு ஆள் பேசுகிற மாதிரி கேட்டது. கல்லில் சாய்ந்துகொண்டேன். "இது அப்பா எனக்குக் குடுத்த பக்கமுங்க. இதுல அவளும் இருப்பா, மீனும் இருக்கும். நாலு வருசமா ஒளிச்சு வெச்சதுதான் தப்பு. இனி ஒளிக்க மாட்டேன்."

அண்ணன் எழுந்திருக்கப் பார்த்தார், முழங்கால் விடவில்லை. நங்கை அவரைத் தாங்கிப் பிடித்தார். நான் திரும்பி அவளைப் பார்த்தேன். பைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக் கல்லில் ஓடிக்கொண்டிருந்தது. உருகிய மீனை மறுபடி உறைய வைக்கக்கூடாது. காற்றை எடுத்தாலும் சரி, எடுக்காவிட்டாலும் சரி, உருகினால் அன்றே ஆக்கிவிட வேண்டும். ஒன்பது பை, இரண்டு வாய்.

"அம்மிணி, மீனெல்லாம் உருகிருச்சு. அத்தனையும் இன்னிக்கே ஆக்கோணும்" என்றேன்.

அவள் கேட்டைத் தாண்டி உள்ளே வந்தாள். "அடுப்படியில அம்புட்டுப் பெரிய சட்டி வைக்க எடம் இல்லியே."

"வெளியில வெச்சுக்கலாம்."

"வெளியிலயா?" என்றாள். அண்ணனுக்கும் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"வெளியிலதான்."

துணிப்பையைச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டு, சேலையை இடுப்பில் செருகினாள். செங்கல் வைத்து அடுப்புக் கூட்டினேன். எங்களுக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் தெற்கத்திக் குடும்பங்கள் இருந்தன, எல்லாம் பனியன் கம்பெனி ஆட்கள். ஒரு வீட்டில் பெரிய சட்டி கிடைத்தது, இன்னொரு வீட்டில் அம்மி. சாளையை அவள் பொரித்தாள், சீலாவைக் குழம்பு வைத்தாள். எண்ணெயில் முதல் துண்டு விழுந்ததுமே வாசம் தெரு முனைக்குப் போயிருக்கும். முன்பாகத்தில் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, கொஞ்ச நேரத்தில் சாம்பிராணிப் புகை வந்தது. இத்தனை வருசம் நாங்கள் போட்ட சாம்பிராணியை அன்று அவர்கள் போட்டார்கள். டைம் கீப்பர் போகவில்லை. எக்ஸ்எல் ஒரு துண்டு போதும் என்று சொல்லி மூன்று துண்டு சாப்பிட்டார். இருபது பேருக்கு மேல் சாப்பிட்டிருப்பார்கள். அவள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியில் கேட்டைப் பார்த்து உட்கார்ந்து தின்றாள். கையைச் சீக்கிரம் கழுவவில்லை.

சாயங்காலம் தம்பிக்கு செல்லில் பேசினாள். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "நான் வரல. நீ பெட்டிய அனுப்பு. பெருசா அனுப்பு" என்றாள்.

அண்ணன் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. நடைக்கதவை எடுத்துவிட்டுச் சுவர் எழுப்பினார். கொல்லையிலும் ஏழடிச் சுவர். சொந்தக்காரர்களிடம் என்னை விலக்கி வைத்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். கல்யாணப் பத்திரிகைகள் இப்போது எங்களுக்கு வருவதில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். அவர் என்னைத் தோளில் தூக்கித் தேர் காட்டியவர். ஆனால் அவர் திருட்டை மன்னித்த அந்த இரண்டு நிமிடத்தை என்னால் மறக்க முடியவில்லை. என்னைத் திருடன் என்று நம்பி வீட்டில் வைத்துக்கொள்ளத் தயாராக இருந்தவர், மீன் தின்கிறவன் என்று தெரிந்ததும் தெருவுக்கு அனுப்பப் பார்த்தார். நான் தெருவுக்குப் போகவில்லை.

கிருத்திகையன்றும் சஷ்டியன்றும் எங்கள் அடுப்பில் மீன் ஏறாது. அது அண்ணனுக்குப் பயந்து அல்ல. முருகன் எனக்கும் சாமிதான், அவள் அதற்கு மரியாதை கொடுக்கிறாள். மற்ற நாள் எதுவாக இருந்தாலும் ஜன்னல் திறந்துதான் இருக்கும். பை போடுவதை நாங்கள் நிறுத்தவில்லை. மாதம் ஒரு பெட்டி வருகிறதே, கெடவிட முடியாது. வரிசை வீட்டுக்காரர்கள்கூட இப்போது தங்கள் மீனைக் கொண்டுவந்து காற்றெடுத்து வாங்கிப் போகிறார்கள். வாசலிலேயே உட்கார்ந்து போட்டுத் தருகிறோம்.

ஏழடிச் சுவர் ஆளைத் தடுக்கும், பார்வையைத் தடுக்கும். இன்று மத்தியானம் அவள் விளைமீன் பொரித்தாள். அந்த வாசம் சுவர் ஏறி அந்தப்பக்கம் போவதை நான் கொல்லையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தடுக்கவில்லை, தடுக்கவும் மாட்டேன்.

12-7-2009, ஞாயிற்றுக்கிழமை.